பூரியின் புண்ணும் சுகந்தி டீச்சரின் பயமும்

வியாழக்கிழமை இரண்டாம் பீரியட். ஏழாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியை வாசலில் வந்து நின்றார். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஆள் அனுப்புகிறவர் அவர். அவரே வந்து நின்றதைப் பார்த்தவுடன் சாக்பீஸைக் கீழே வைத்தேன். என்னை வராந்தாவுக்கு அழைத்துக்கொண்டு போய், கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“வனஜா டீச்சர், சுகந்தி டீச்சர் போயிட்டாங்க. பஸ்ஸை விட்டு இறங்கினதும் ஸ்டாப்லயே சாஞ்சிட்டாங்களாம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. பையில ஸ்கூல் அடையாள அட்டை இருந்ததால இங்க போன் பண்ணியிருக்காங்க.”

இருபத்திரண்டு வருடம் ஆசிரியர் அறையில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர். அவர் இல்லை என்று கேட்டபோது எனக்கு முதலில் தோன்றியது அவர் முகம் அல்ல. கோட்டூர்புரத்தில், இரண்டாவது மாடியில், பூட்டிய வீட்டுக்குள் அவருடைய நாய் பூரி தனியாக இருக்கிறது என்பதுதான் தோன்றியது. அதன் புண்ணுக்குக் காலை ஆறு மணிக்குக் கட்டிய கட்டு. மாலை ஆறு மணிக்குப் பிரித்தாக வேண்டும். யார் பிரிப்பார்கள்? எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. சாவுச் செய்திக்காக நடுங்குகிறேன் என்று நினைத்துத் தலைமையாசிரியை என்னைப் பெஞ்சில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். நான் அதைத் திருத்தவில்லை.

சுகந்தி டீச்சரிடம் கணக்குப் படித்த பெண்களுக்காகவும், எங்களோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். பள்ளியில் நடந்த இரங்கல் கூட்டத்தில் ஐந்து பேர் பேசினார்கள். ஐந்து பேரும் “தைரியசாலி” என்றார்கள். தனி ஆளாக வாழ்ந்தார், யாரையும் சார்ந்திருக்கவில்லை என்றார்கள். என்னைக் கூப்பிட்டபோது நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருந்தால் ஐந்து பேர் சொன்னதையும் மறுக்க வேண்டியிருந்திருக்கும். எனக்குத் தெரிந்து எங்கள் பள்ளியிலேயே அதிகம் பயந்தவர் சுகந்தி டீச்சர்தான்.

அவர் லிஃப்டில் ஏற மாட்டார். சக ஆசிரியை ஒருவரின் கல்யாணத்துக்கு எல்லோருமாகப் புடவை எடுக்க தி. நகரில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். நகரும் படிக்கட்டு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். பின்னால் வந்த கூட்டம் முட்டியது. “நீங்க போங்க, நான் வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு, சாமான் ஏற்றும் மாடிப்படியைத் தேடிக் கண்டுபிடித்து நான்கு மாடி ஏறி வந்தார். பல்லி, இடி, மஞ்சள் விளக்கு எரியும்போது சாலையைக் கடப்பது, தெரியாத எண்ணிலிருந்து வரும் போன் என்று எல்லாவற்றுக்கும் பயம். அதை மறைக்கவும் மாட்டார். “எனக்குப் பயம்ப்பா” என்று, ‘எனக்குச் சளி’ என்பது போலச் சொல்லிவிடுவார்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. கணக்குப் பரீட்சையன்று ஒரு பெண் வாசல் கேட்டருகே வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் ஆளாளுக்கு “பயப்படாதேம்மா, பயப்படாதே” என்று முதுகைத் தடவினோம். அவள் இன்னும் அதிகமாக அழுதாள். சுகந்தி டீச்சர் அவள் எதிரில் போய் நின்று, “பயமா இருக்கா? எனக்கும்தான். உன்னைவிட அதிகமா இருக்கு. இப்போ பயத்தை எங்க கொண்டுபோய் விட முடியும்? பயந்துக்கிட்டே போடு” என்றார். அந்தப் பெண் வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். உங்களில் பலர் இந்த வார்த்தையை அவர் வாயால் கேட்டிருப்பீர்கள்.

நாய் என்றாலும் பயம்தான். பூரி அவருடைய அண்ணன் வளர்த்த நாய். வேளச்சேரியில் இருந்த அண்ணன் மஞ்சள் காமாலையில் இறந்ததும், அண்ணி வெளியூரில் இருக்கும் மகளோடு போய்விட்டார். அங்கே நாய்க்கு இடமில்லை. “ஒரு மாசம் மட்டும்” என்று சொல்லிக் கோட்டூர்புரத்தில் விட்டுவிட்டுப் போனார்கள். செம்பட்டை நிறத்தில், ஒரு காது மடிந்த நாட்டு நாய். குட்டியாக இருந்தபோது பால் குடித்ததும் வயிறு பூரி மாதிரி உப்பிவிடுமாம், அதனால் அந்தப் பெயர். முதல் மாதம் நாய் ஹாலிலும் டீச்சர் சமையலறைக் கதவுக்குப் பின்னாலும் இருந்தார்கள். ஒருநாள் பெரிய இடி இடித்தது. டீச்சர் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்தார். ஏற்கெனவே அங்கே பூரி இருந்தது. “ரெண்டு பேருக்கும் அன்னிக்குத்தான் அறிமுகம்” என்று மறுநாள் ஆசிரியர் அறையில் சொன்னார்.

அதற்குப் பிறகு ஆறு வருடம். பூரிக்குப் பதிமூன்று வயது இருக்கும் என்று கணக்கு. போன வருடம் வெயில் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வீட்டுக்கு வரச்சொன்னார். நான் மந்தைவெளியில் இருக்கிறேன். பறக்கும் ரயிலில் இரண்டாவது ஸ்டேஷன். போனேன். கதவைத் திறந்ததுமே அந்த நாற்றம். எலி செத்தது போல, ஆனால் அதில் இனிப்பாகவும் ஏதோ கலந்திருந்தது. பூரி பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தது. அடிவயிற்றில், கடைசிக் காம்புக்குப் பக்கத்தில், ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி. அதன் தோல் வெடித்து, உள்ளே சிவப்பும் கறுப்புமாகத் திறந்திருந்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

“எப்போலேருந்து டீச்சர்?” என்று கேட்டேன்.

அவர் பூரியின் பக்கத்தில் உட்கார்ந்தார். “ஒரு வருஷம் முன்னாடி புளியங்கொட்டை மாதிரி இருந்தது. குளிப்பாட்டும்போது கையில தட்டுப்பட்டது. பயத்துல, தட்டுப்படாத மாதிரி இருந்துட்டேன். அப்புறம் அந்த இடத்துல மட்டும் சோப்புப் போடறதை விட்டுட்டேன்” என்றார்.

அவர் தன் பயத்தைப் பற்றிப் பேசி, நான் சிரிக்காத முதல் தடவை அது.

அடையாறில் ஒரு கால்நடை மருத்துவரிடம் ஆட்டோவில் கொண்டுபோனோம். முப்பது வயது இருக்கும் அந்தப் பெண் டாக்டருக்கு. எக்ஸ்ரே எடுத்தார். புற்றுநோய் நுரையீரலிலும் பரவி, பஞ்சு பஞ்சாக வெள்ளைப் புள்ளிகள். இதயமும் பலவீனம், மயக்க மருந்து தாங்காது என்றார். “அம்மா, ஆப்பரேஷன் காலம் தாண்டிடுச்சு. இந்தப் புண் ஆறாது. ஆனா அழுகாம, ஈ மொய்க்காம, வலிக்காம பாத்துக்கலாம். அதை நீங்கதான் வீட்ல பண்ணணும். தினம் ரெண்டு வேளை” என்றார். சுகந்தி டீச்சர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு ரத்தம்னா பயம் டாக்டர்” என்றார். டாக்டர் நிமிர்ந்து பார்த்து, “பரவாயில்லைம்மா. கையுறை போட்டுக்கோங்க” என்று மட்டும் சொன்னார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. டீச்சர் எல்லாவற்றையும் பாடத்திட்டம் மாதிரி ஒரு தாளில் எழுதிக் குளியலறைக் கதவில் ஒட்டினார். தண்ணீரைக் கொதிக்க வைத்து, உப்புப் போட்டு, ஆற வைக்க வேண்டும். பழைய கட்டை இழுக்கக் கூடாது. உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற வைத்தால் அதுவாக விடும். தேய்க்காமல் ஊற்றிக் கழுவ வேண்டும். டாக்டர் கொடுத்த அயோடின் மருந்தைத் தண்ணீரில் கலந்து, வெளிர் டீ நிறத்தில் ஒருமுறை. நாற்றம் குறைய, டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பொடித்துத் தூவ வேண்டும். ஒட்டாத வலைத்துணி, அதற்கு மேல் பஞ்சு. எல்லாவற்றுக்கும் மேலே, அண்ணனின் பழைய பனியன். முன்னங்கால்களை அதன் கைகளில் நுழைத்து, மிச்சத்தை இழுத்து முதுகில் முடிச்சுப் போட்டால் பூரிக்கு அது சட்டை. நக்கவும் முடியாது, ஈயும் உட்காராது. மனிதர்களின் வலி மாத்திரை கூடவே கூடாது என்று கடைசி வரியில் சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டிருந்தார்.

தினமும் அவரே செய்வார். ஞாயிறும் புதனும் முழுமையாகக் கழுவும் நாள். அன்றைக்கு ஆறு மணிக்கெல்லாம் நான் போவேன். என் வேலை தலையைப் பிடித்துக்கொள்வது. பூரி கடிக்காது. ஆனால் தண்ணீர் பட்டதும் அதன் உடம்பு முழுவதும் ஒரு நடுக்கம் ஓடி என் முழங்கால் வழியாக எனக்குள்ளும் ஏறும். நான் சுவர் ஓடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். டீச்சரால் அப்படிப் பார்க்காமல் இருக்க முடியாது. நுனி மழுங்கிய கத்தரிக்கோலை அவர் தட்டில் வைக்கும்போது அது டக்டக்கென்று நாலைந்து முறை தட்டிவிட்டுத்தான் அமரும். அவ்வளவு நடுக்கம் கையில். முடித்ததும் வெளியே வந்து ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொள்வார். ஐந்து நிமிடம் கழித்து, “காபி போடட்டுமா?” என்பார். புதன் என்றால், அதன் பிறகு இருவரும் ஒரே பஸ்ஸில் பள்ளிக்குப் போவோம்.

கீழ்வீட்டுக்காரர் ஒருமுறை மாடி ஏறி வந்து நாற்றம் பற்றிச் சத்தம் போட்டார். நியாயமான புகார்தான். டீச்சர் கதவுச் சங்கிலியைக் கழற்றாமலேயே “சாரி சார், சாரி சார்” என்றார். அன்று கீழே இஸ்திரி வண்டி வைத்திருக்கும் கன்னியம்மா குரல் கொடுத்தாள்: “இன்னா சார், வாயில்லா ஜீவன் புண்ணு வந்து கெடக்குது, அதுக்குப் போய்ச் சண்டைக்கு நிக்கறே? உனக்கு வயசாவாதா?” அவர் இறங்கிப் போய்விட்டார். அதிலிருந்து கன்னியம்மாவிடம் ஒரு சாவி இருந்தது. நாங்கள் பள்ளியில் இருக்கும்போது மத்தியானம் ஒருமுறை போய் எட்டிப் பார்த்துத் தண்ணீர் வைத்துவிட்டு வருவாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னொரு வேலையும் உண்டு. கழுவி முடித்ததும், சுத்தமான கண்ணாடித் தாளைப் புண்ணுக்கு மேலே படாமல் பிடித்து, அதன் ஓரத்தை மார்க்கரால் வரைந்துகொள்வார். அதை கிராஃப் தாளில் வைத்துப் பிரதி எடுத்துக் கட்டங்களை எண்ணுவார். எட்டாம் வகுப்பில் அவர் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அதே விதிதான். பாதிக்கு மேல் இருந்தால் ஒன்று, பாதிக்குக் கீழே இருந்தால் விட்டுவிடு. எண்ணைத் தேதியோடு எழுதி டாக்டருக்கு அனுப்புவார். “பத்தொன்பது. போன வாரமும் பத்தொன்பது” என்று என்னிடம் சொல்லும்போது அவர் குரலில் ஒரு சின்ன ஏற்றம் இருக்கும்.

அடுத்து எழுதப்போவது என்னைப் பற்றியது. எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

ஐப்பசி மழை. மூன்று நாளாக விடாமல் கொட்டி, பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது என்று கோட்டூர்புரத்தில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். மின்சாரம் இல்லை. காலை ஒன்பது மணிக்கு அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. திறந்து பார்த்தேன். புண்ணுக்குள் அரிசி போட்டது போல வெள்ளையாக இருந்தது. அரிசி நெளிந்துகொண்டிருப்பதாகத் தோன்றியது. படம் எப்படி நெளியும்? என் கண்தான் நடுங்கியிருக்க வேண்டும். போனைக் கவிழ்த்து வைத்தேன். உடனே மணி அடித்தது.

“டீச்சர், புழு வெச்சிருச்சு. டாக்டர் கிட்டப் பேசிட்டேன். அவங்க தெருவுல இடுப்பளவு தண்ணியாம், சாயங்காலம்தான் வர முடியுமாம். ஏற்கெனவே கொடுத்த ஸ்ப்ரேயை அடிச்சு, இடுக்கியால ஒவ்வொண்ணா எடுக்கச் சொல்றாங்க. விட்டா உள்ள தின்னுக்கிட்டே போகுமாம். நீங்க தலையை மட்டும் பிடிச்சா போதும். ரயில் ஓடுதாம், விசாரிச்சேன்.”

“எனக்குக் காய்ச்சல் டீச்சர்” என்றேன்.

எனக்குக் காய்ச்சல் இல்லை.

அந்தப் பக்கம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர், “சரி. நீங்க வர வேண்டாம். போனை மட்டும் வைக்காதீங்க” என்றார்.

நான் போனைத் தலையணையில் வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். போன் எங்கோ பலகைமேல் வைக்கப்படும் சத்தம். பூரியின் நகங்கள் தரையில் கீறும் சத்தம். “இல்லடி, இல்லடி, ஆச்சு” என்று டீச்சரின் குரல். ஒரு நீண்ட மூச்சு. பிறகு, “ஒண்ணு” என்றார். “ரெண்டு.” “மூணு.” எண்ணிக்கொண்டே போனார். பன்னிரண்டில் ஒருமுறை குமட்டினார். இருபதுக்கு மேல் அழுதுகொண்டே எண்ணினார். பூரி ஒரே ஒரு முறை வீறிட்டது. அப்போது நான் காதைப் பொத்திக்கொண்டேன். ஆனால் போனை வைக்கவில்லை. அறைக்குள் வந்த என் கணவர், “யாரு போன்ல கணக்குச் சொல்லித் தராங்க?” என்று கேட்டார். அறுபத்தேழில் நின்றது. “வேற இல்லன்னு நினைக்கறேன்” என்றார். பிறகு, “இருந்தீங்களா?” என்று கேட்டார். “இருந்தேன்” என்றேன். “தேங்க்ஸ் டீச்சர். உடம்பைப் பாத்துக்கோங்க” என்று சொல்லி வைத்தார்.

சாயங்காலம் டாக்டர் வந்து பார்த்து, உள்ளே ஒன்றுகூட மிச்சமில்லை என்றாராம்.

அதற்குப் பிறகு நான் ஒரு ஞாயிறும் ஒரு புதனும் தவறவில்லை. ஆனால் அவர் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. காய்ச்சலைப் பற்றி அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

தை மாதத்தில் ஒரு புதன்கிழமை கட்டைப் பிரித்தபோது ரத்தம் பீறிட்டது. சொட்டவில்லை, பீறிட்டது. என் புடவை, சுவர், கதவில் ஒட்டிய தாள் எல்லாம் சிவப்பு. டீச்சர் “ஐயோ” என்று கத்திக்கொண்டே பஞ்சு முழுவதையும் அள்ளி வைத்து இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தினார். நான் டாக்டருக்குப் போன் போட்டு ஒலியைக் கூட்டி வைத்தேன். “அழுத்திக்கிட்டே இருங்க. பதினஞ்சு நிமிஷம். நடுவுல எடுத்துப் பாக்கவே கூடாது. பாத்தீங்கன்னா மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும். நான் கிளம்பி வரேன்” என்றார் டாக்டர்.

எடுத்துப் பார்க்காமல் பதினைந்து நிமிடம். கைக்கு அடியில் ரத்தம் நின்றதா இல்லையா என்று தெரியாது. பூரியின் நாக்கு வெளுத்துக்கொண்டு வருவது போல எனக்குத் தோன்றியது. சொன்னால் டீச்சர் கையை எடுத்துவிடுவாரோ என்று சொல்லவில்லை. நாங்கள் இருவரும் ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் அவர், பூரியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“அன்னிக்கு உங்களுக்குக் காய்ச்சல் இல்லைன்னு எனக்குத் தெரியும்.”

நான் பூரியின் மடிந்த காதை நீவினேன்.

“குரல்லயே தெரிஞ்சுது. என் குரல் மாதிரியே இருந்தது. எனக்குக் கோபம் இல்ல டீச்சர். வேற யாராவது கூப்பிட்டிருந்தா நானும் போயிருக்க மாட்டேன். நீங்க போனை வைக்கலையே. அது போதும்.”

எனக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைக்கக் கை இல்லை. இரண்டு கையும் பூரியின் தலையில் இருந்தன.

அவரே மறுபடியும் பேசினார். “டாக்டர் ரெண்டு தடவை கேட்டுட்டாங்க, ஊசி போட்டு அனுப்பிடலாமான்னு. இவ இன்னும் இட்லி சாப்பிடறா. நான் வந்தா வாலை ஆட்டறா. அதனால வேண்டாம்னு சொல்றேன். ஆனா இவளுக்காக வெச்சிருக்கேனா, எனக்காக வெச்சிருக்கேனான்னு தெரியல. மத்த பயமெல்லாம் சும்மா டீச்சர். இதுதான் நிஜமான பயம்.” கொஞ்சம் நிறுத்தி, “சாப்பாடு வேண்டாம்னு முகத்தைத் திருப்பற அன்னிக்கு அனுப்பிடணும். அன்னிக்கு நான் இன்னும் ஒருநாள் பாக்கலாம்னு சொல்லுவேன். நீங்க விடக்கூடாது” என்றார்.

சரி என்றேன். பதினைந்து நிமிடம் முடிந்து கையை எடுத்தபோது ரத்தம் நின்றிருந்தது.

இது நடந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, அந்த வியாழக்கிழமை வந்துவிட்டது.

எல்லோரும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். “நீங்க வரலையா?” என்று தலைமையாசிரியை கேட்டார். “பின்னால வரேன்” என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துக் கோட்டூர்புரம் போனேன். அவர் உடம்பைப் பார்க்க முதலில் போகாததை இன்றுவரை சிலர் என்னிடம் கேட்கிறார்கள். அதற்கு இதுதான் பதில்.

கன்னியம்மா கரி இஸ்திரிப் பெட்டியைத் தூக்கியபடி, “இன்னா டீச்சரே, இந்த நேரத்துல வந்துகீறே? அம்மா எங்க?” என்றாள். சொன்னேன். அவள் பெட்டியைத் துணிமேலேயே வைத்துவிட்டாள். துணி கருகும் வாசனை வந்த பிறகுதான் எடுத்தாள். “இன்னாத்த சொல்றே நீ? காத்தால என்னாண்ட பேசிக்கினு போச்சே. ‘பூரியப் பாத்துக்க’ன்னு சொல்லிட்டுத்தானே போச்சு” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, “வா, மேல போலாம். அதுக்கு யாரு கீது இப்போ” என்று சாவியை எடுத்தாள்.

பூரி கதவுக்கு நேராகப் படுத்திருந்தது. என்னைப் பார்த்து வாலை இரண்டு முறை தரையில் தட்டியது. பிறகு என்னைத் தாண்டி மாடிப்படியைப் பார்த்தது. பனியனில் ஈரம் ஊறியிருந்தது. சாயங்காலம் வரை காத்திருக்க முடியாது.

கதவில் அந்தத் தாள் இருந்தது, ரத்தக் கறையோடு. அதைப் பார்த்துப் பார்த்துத் தண்ணீர் கொதிக்க வைத்தேன், ஆற வைத்தேன். கன்னியம்மா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, “நான் புடிச்சிக்கறேன், நீ பண்ணு” என்று பூரியின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். ஒன்பது மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த நான், முதல் நாளுக்குப் பிறகு அன்றுதான் அந்தப் புண்ணை நேராகப் பார்த்தேன். என் பல் கிட்டித்தது. “பயமா கீதா?” என்றாள் கன்னியம்மா. “ஆமா” என்றேன். “எனக்கும்தான். சீக்கிரம் பண்ணு” என்றாள். கத்தரிக்கோலைத் தட்டில் வைத்தபோது அது டக்டக்கென்று தட்டியது. முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. கடைசி முடிச்சைப் போட்ட பிறகுதான், சுகந்தி டீச்சர் இறந்துவிட்டார் என்று எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் அண்ணி வந்தார். காரியங்கள் முடிந்ததும், “இந்த நாயை என்ன பண்றது? ஊசி போட்டுடறதுதானே நல்லது?” என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அந்தப் புண்ணைப் பார்க்கும் யாரும் கேட்கக்கூடியதுதான். அப்போது பூரி கன்னியம்மாவின் கையிலிருந்து இட்லியைத் தின்றுகொண்டிருந்தது. “நான் எடுத்துட்டுப் போறேன்” என்றேன். வீட்டில் கேட்கவில்லை. யோசிக்கவும் இல்லை.

பூரியின் சாமான்களை எடுக்கும்போது அந்த கிராஃப் தாள்கள் கிடைத்தன. ஒரு கவரில், தேதி வாரியாக. அன்று வீட்டுக்கு வந்து, ஏனென்று தெரியாமல், கடைசித் தாளை எடுத்துக் கட்டங்களை எண்ணினேன். அவர் எழுதியிருந்தது இருபத்தாறு. எனக்கு முப்பத்தொன்று வந்தது. மறுபடி எண்ணினேன். முப்பத்தொன்றுதான். அதற்கு முந்தைய தாளிலும் நான்கு குறைவு. அதற்கு முந்தையதிலும் மூன்று. பாதிக்கு மேல் நிறைந்த கட்டங்களை வாராவாரம் விட்டுவிட்டிருக்கிறார். அரை மதிப்பெண்ணுக்காகத் தாளைத் திரும்ப வாங்கித் திருத்துகிறவர். மேசையில் குனிந்து உட்கார்ந்து, ஓரக் கட்டம் ஒன்றைப் பார்த்து, இது பாதி இல்லை, இது பாதி இல்லை என்று தனக்கே சொல்லிக்கொண்ட அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தேன். அவர் எதிரில்தான் நானும் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரிடம் போனில் சொன்னேன். “தெரியும் மேடம். படமும் சேர்த்துத்தானே அனுப்புவாங்க. மருந்தெல்லாம் படத்தைப் பாத்துத்தான் மாத்தினேன். நம்பரைப் பத்திக் கேட்டதில்ல” என்றார்.

பூரி இப்போது எங்கள் வீட்டில், பால்கனியை ஒட்டிய அறையில் இருக்கிறது. முதல் நாள் என் கணவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, “எத்தனை நாளைக்கு?” என்றார். “தெரியாது” என்றேன். இரண்டாம் நாள் நான் ஒற்றையாகத் திணறுவதைப் பார்த்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து தலையைப் பிடித்துக்கொண்டார். சுவரைத்தான் பார்க்கிறார். பார்க்கட்டும்.

பதினெட்டு நாள் ஆகிறது. போன ஞாயிறு நானே வரைந்து, எண்ணி, முப்பத்தாறு என்று உள்ளதை எழுதி டாக்டருக்கு அனுப்பினேன். எழுதும்போது கை நின்றது. ஒரு கட்டத்தை விட்டுவிடலாம் என்று எனக்கும் தோன்றியது. முந்தாநாள் பூரி இட்லியில் பாதியை வைத்துவிட்டது. நேற்று முழுவதும் சாப்பிட்டது. முகத்தைத் திருப்பும் நாள் வந்தால் டாக்டர் வீட்டுக்கே வருவதாகச் சொல்லியிருக்கிறார். அன்று இன்னும் ஒருநாள் என்று கெஞ்சப்போவது நானாகத்தான் இருக்கும். விடாமல் பிடிக்க எனக்கு அவர் இல்லை. அந்தப் பொறுப்பைக் கணவரிடம் ஒப்படைத்திருக்கிறேன்.

அவரைப் பற்றி என்னிடம் இருப்பது என்ன என்று கேட்டால், தைரியம் என்று சொல்ல மாட்டேன். அது அவரிடம் இருந்ததில்லை, எனக்கும் வரவில்லை. ஐம்பத்து நான்கு வயது வரை நான் பயந்தபோதெல்லாம் காய்ச்சல் என்றும் வேலை இருக்கிறது என்றும் சொல்லித் தப்பித்தவள். இப்போது பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல முடிகிறது. சொல்லிவிட்டு அந்த இடத்திலேயே உட்காரவும் முடிகிறது. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான்.

மணி ஐந்தரை ஆகிறது. தண்ணீர் ஆறிவிட்டது. கையுறையை எடுத்துக்கொண்டு போக வேண்டும். உள்ளே பூரி எழுந்து நிற்கும் சத்தம் கேட்கிறது.